சத்தியத்தைத் திரும்ப வாங்கச் சொன்ன ரங்கநாயகி அம்மா

ரங்கநாயகி அம்மா தவறிப்போன செய்தி எனக்கு ஒரு மணி நேரம் பிந்தித்தான் வந்தது. அப்போது கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பைக்குள் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஒருவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டால் போனைத் தொடக்கூடாது என்பது அம்மா போட்ட சட்டம். வெளியே வந்து பார்த்தால் எங்கள் டாக்டரம்மாவிடமிருந்து ஏழு அழைப்பு. வேப்ப மரத்தடியில் நின்றபடியே அழுதுவிட்டு, மாரியாத்தாளை ஒரு முறை கூப்பிட்டுவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனேன். அதையும் பார்க்காமல் வந்திருந்தால் அம்மா என்னைத் திட்டியிருப்பார்.

நீங்கள் எல்லோரும் அவரை மில்காரர் வீட்டு அம்மாவாக அறிந்தவர்கள். ஆர்.எஸ்.புரத்தில் பெரிய வீடு, ஊரில் பல கோயில் கும்பாபிஷேகத்துக்கு முதலில் போய் நிற்கும் குடும்பம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எங்கள் ஊர் விளக்கு பூஜையை நடத்துகிறவள். வாய் ஓயாது என்று என் வீட்டுக்காரரே சொல்வார். எனக்கும் அம்மாவுக்கும் என்ன பழக்கம் என்று பலர் கேட்டார்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உயிரை மாய்த்துக்கொள்ளப் போய், பிழைத்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறவர்களுக்காகத்தான் அம்மா தன் சொத்தில் ஒரு பங்கை எழுதிவைத்தார். முதலில் அவருடைய சொந்தக்காரர்கள் கூடிப் பேசிய அன்று நானும் காபி தட்டோடு அங்கே இருந்தேன். அவர் வீட்டு விசேஷங்களுக்குப் பலகாரம் செய்ய வந்துபோகிற பழக்கம் எனக்கு உண்டு. கட்டடம் ஒன்று கட்டலாம், வாசலில் குடும்பத்துப் பெரியவர் பெயரைக் கல்லில் வெட்டி வைக்கலாம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"கட்டடம் பஸ் ஏறிக் கிணத்துக்கடவு போகுமுங்களா?" என்றார். "வைத்தியம் பாத்து அனுப்பிடறாங்க. ஊட்டுக்குப் போனதுக்கப்புறம் யாரு போய்ப் பாக்கறாங்க? எனக்கு ஆளு வேணுமுங்க. வாராவாரம் போற ஆளு."

ஒருவர், நம் குடும்பத்துக்கு இந்த விஷயம் எதற்கு, கேட்கவே நன்றாக இல்லையே என்றார். அதற்கு அம்மா மறைக்காமல் சொன்னார். "என் தம்பி நெஞ்சு வலியில போகலைங்க. இங்க இருக்கற அத்தனை பேருக்கும் அது தெரியும். முப்பது வருசமா நெஞ்சு வலின்னு சொல்லிட்டிருக்கறோம். முதல் தடவை பொழச்சு வந்தப்ப, ஊட்டுல யாரும் அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. நானும் கேக்கலை."

அதற்கு மேல் யாரும் கல்வெட்டைப் பற்றிப் பேசவில்லை. அந்தப் பணத்தில்தான் டாக்டரம்மா வந்தார், மருந்து வந்தது, எங்களைப் போல ஊருக்கு ஒரு பெண்ணைப் பழக்கிச் சம்பளம் கொடுத்து அனுப்ப முடிந்தது.

என்னை அம்மாவே கூப்பிட்டார். "மயிலாத்தா, உங்களுக்கு எல்லா ஊட்டு வாசலும் தெரியும். உள்ள போக உங்களுக்கு வெத்தலை பாக்கு வேண்டாம். ஆனா நீங்க பேசறதுல பாதியக் கொறைக்கோணும். எதுத்தாப்பல இருக்கறவங்களுக்கும் கொஞ்சம் எடம் வேணுமில்லீங்க?" நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். பாதியைக் குறைத்தேனா என்றால், அது அம்மனுக்குத்தான் தெரியும்.

இனி நான் செய்த தப்பைச் சொல்கிறேன். அம்மாவின் பெருமை அதில்தான் இருக்கிறது.

கோமதி என்று வைத்துக்கொள்ளுங்கள், அவள் பெயர் அதுவல்ல. கொப்பரைக் களத்தில் வேலை செய்கிற பெண், மூன்று வயதில் ஒரு மகள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டாம் வாரம் அவளை எங்கள் மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். சூடம் ஏற்றி, இனிமேல் அந்த நினைப்பே எனக்கு வராது என்று சொல்லவைத்து, அவள் கையாலேயே அதை அணைக்கச் சொன்னேன். எங்கள் பக்கம் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தால் அது கல்லில் எழுதியது மாதிரி. பெரிய காரியம் செய்துவிட்டதாக எனக்குள் ஒரே பூரிப்பு.

அதன்பின் நான் எப்போது போனாலும், "நல்லா இருக்கறனுங்க அத்தை" என்பாள். போய்வந்த விவரம் எழுதும் நோட்டில் நலம் என்று எழுதினேன். அடுத்த வாரமும் நலம். அம்மா எங்கள் நோட்டுகளை எழுத்து விடாமல் படிப்பவர். ஒரு நாள் காலையில் காரை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நாலு வாரமா ஒரே வார்த்தை. அப்படி எந்தப் பொம்பளை இருக்கறாங்க? நானே ஒரு நாளைக்கு நாலு மாதிரி இருக்கறன்" என்றார்.

நான் பெருமையாகச் சத்தியக் கதையைச் சொன்னேன். அம்மாவின் முகம் மாறியது. கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். "அந்த நெனப்பு மறுபடியும் வந்தா அவ யாருகிட்டச் சொல்லுவா? உங்ககிட்டச் சொன்னா சத்தியம் ஒடஞ்சுபோச்சுன்னு ஆகும். கோயிலுக்கும் போக முடியாது. இருந்த ரெண்டு கதவையும் சாத்திப்போட்டு வந்திருக்கறீங்களே மயிலாத்தா."

அப்போதே இருவரும் கிளம்பினோம். கோமதி களத்திலிருந்து வந்து நின்றாள். அம்மா அவளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, சுற்றி வளைக்காமல் கேட்டார்: "சாகோணும்னு நெனப்பு வருதா கண்ணு?"

நான் பதறினேன். இப்படிக் கேட்டால் இல்லாத நினைப்பும் வந்துவிடாதா என்று பயம். வராது என்று டாக்டரம்மா பாடம் எடுத்தபோது தலையாட்டியவள்தான் நான். ஆனால் அன்று கண்ணால் பார்த்தேன். கோமதி அம்மாவின் மடியில் முகத்தை வைத்து அழுதாள். தினமும் வருகிறதாம். வாய் திறந்தால் சாமி குத்தம், பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து அடக்கி வைத்திருந்தாளாம். நான் போட்ட கட்டுத்தான் அவள் கழுத்தை நெரித்துக்கொண்டு இருந்தது.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்துவிட்டு அம்மா என்னிடம் திரும்பினார். "எனக்குச் சாஸ்திரம் தெரியாதுங்க. நீங்கதான் பூஜை பண்றவங்க. குடுத்த சத்தியத்தத் திரும்ப வாங்க ஒரு வழி இருக்கோணுமே. பாருங்க" என்றார். சாமியாவது சத்தியமாவது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கோமதியும் பயம் தெளிந்திருக்க மாட்டாள், நானும் அந்த வேலையை விட்டிருப்பேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. எங்கள் நம்பிக்கைக்குள்ளேயே எங்களுக்கு வழி தேடச் சொன்னார்.

மூவரும் கோயிலுக்குப் போனோம். மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து அம்மன் காலடியில் வைத்து, கோமதியின் காதில் விழும்படி சத்தமாகவே சொன்னேன்: "தாயே, இந்தச் சத்தியத்தக் கேட்டு வாங்குனவ நானு. புள்ளை மேல ஒரு தப்பும் இல்லை. குத்தம் இருந்தா அது எம் மேலயே வரட்டும். அவளுக்கு அவ வாயத் திருப்பிக் குடு." அம்மா பக்கத்தில் கைகூப்பி நின்றார். கோமதி பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அன்று மாலையே டாக்டரம்மாவிடம் போனோம். மருந்து மாற்றினார்கள். கொஞ்ச நாளைக்கு அவளுடைய சித்தி வந்து கூடவே இருந்தாள். நான் வாரம் இரண்டு முறை போனேன். நலம் என்ற சொல்லை எங்கள் நோட்டில் எழுதக்கூடாது என்று அம்மா எல்லோருக்கும் சொல்லிவிட்டார். அவர்கள் சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும்.

அம்மாவிடம் பிடிவாதம் உண்டு. படபடவென்று பேசிவிடுவார். ஆனால் என் தப்பை ஒரு நாளும் மற்றப் பெண்கள் முன்னால் சொல்லிக்காட்டியதில்லை. நானாகத்தான் பிறகு எல்லோரிடமும் சொன்னேன்.

அம்மாவின் இறுதிச் சடங்கன்று ஆர்.எஸ்.புரம் வீட்டில் கார்கள் தெருமுனை வரைக்கும் நின்றன. இந்த வேலை இனி நடக்குமா என்ற பயத்தோடு நாங்கள் ஓரமாக நின்றோம். அம்மாவின் மகன் எங்களைத் தேடி வந்து, எல்லாம் எழுதி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார், ஒரு வாரமும் நிற்காது என்றார். அப்போதுதான் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் கோமதியைப் பார்த்தேன். யாரோ ஒரு பெரியவர், நீங்க எந்த வழியில சொந்தமுங்க என்று அவளை விசாரித்துக்கொண்டிருந்தார்.

"சொந்தமில்லீங்க" என்றாள். "அம்மா ஒரு நாளு எங்கூட்டுக்கு வந்தாங்க. அதனாலதான் இன்னிக்கு நான் வந்திருக்கறனுங்க."

உக்கடத்தில் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தபோது, அவ்வளவு துக்கத்திலும் அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அம்மா கேட்ட அதே மாதிரி, நேராக.

"சேதி கேட்டப்ப ஒரு தடவை வந்துச்சுங்க அத்தை. தனியா இருக்கக்கூடாதுன்னுதான் பஸ் ஏறிட்டேன்" என்றாள்.

அங்கிருந்தே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு அவள் கையில் கொடுத்தேன். பேசி முடித்ததும் என்னிடமும் சொல்ல ஆரம்பித்தாள். ஒரு பொள்ளாச்சி பஸ் போனது, இன்னொன்றும் போனது. நான் ஒரு வார்த்தையும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருவர் இதைச் சொல்லும்போது நடுங்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க எனக்கு முடிகிறது. அம்மா எனக்கென்று விட்டுப்போனது அதுதான்.