பன்னிரண்டு வருடப் பழைய படம்

காசநோய்ப் பிரிவில் பதினாறு வருடமாக மாத்திரை கொடுக்கும் நர்ஸம்மாவுக்கு எதையும் துருவிப் பார்க்காவிட்டால் சோறு இறங்காது. அன்று, தினமும் அங்கே மாத்திரை சாப்பிட வரும் தையல்காரர் செய்தித்தாளைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். எலும்பும் தோலுமாக ஒருவர் கட்டிலில் சுருண்டு கிடக்கும் படம்.

“கடைசியில இப்படித்தான்னா, மாத்திரை எதுக்கு சிஸ்டர்? நாளையிலேர்ந்து நான் வரல.”

பாதியில் விட்டால் நோய் முற்றிவிடும். ஆனால் நர்ஸம்மாவின் கண் படத்திலேயே இருந்தது. காசநோய் என்று எந்தச் செய்தி வந்தாலும் இதே ஆள்தான்.

“ஒரு வாரம் மட்டும் வாங்க. இவர் என்ன ஆனார்னு விசாரிச்சுச் சொல்றேன்.”

“செத்திருந்தா?”

“அதையும் மறைக்காமச் சொல்றேன்.”

நர்ஸம்மா நேரே அந்தச் செய்தியை எழுதிய நிருபரிடம் போனார். “தெரியாது மேடம். ஃபைல்ல கிடக்கிற படம், பன்னிரண்டு வருஷப் பழசு. கைக்கு வந்ததைப் போடுவோம்” என்று அவர் தலையைச் சொறிந்தார். இப்போது அவருக்கும் தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது.

படமெடுத்தவரைப் பிடித்து, முகவரி வாங்கி, இருவரும் ஒரு பேக்கரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மாவு மூட்டையை இறக்கிவைத்த தொப்பைக்காரர் திரும்பினார்.

“எனக்கு ஆறே மாசத்துல குணமாயிடுச்சு. நீங்கதான் தம்பி, இன்னும் என்னைச் சாகடிச்சுக்கிட்டே இருக்கீங்க.”

அவர் சம்மதத்தோடு, அந்த வாரமே பழைய படமும் பேக்கரியில் எடுத்த புதுப் படமும் பக்கத்தில் பக்கத்தில் வெளிவந்தன. ஆறு மாதமும் விடாமல் மாத்திரை சாப்பிட்டவர் என்று கீழே எழுதியிருந்தது.

தையல்காரர் வெகுநேரம் பார்த்தார்.

“இந்தத் தொப்பைக்கும் மாத்திரை உண்டா சிஸ்டர்?” என்று கேட்டுக்கொண்டே தண்ணீர் டம்ளரை எடுத்தார்.