பத்தாவது கறவை

மாடு எண்ணிச் சம்பளம் வாங்குகிறவர் அவர். பால்வளத்துறை அலுவலகத்தில் அவருக்கு நீளமான பதவிப் பெயர் ஒன்று உண்டு. வெளியே யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. 'கறந்துகாட்டு' என்றால்தான் தெரியும்.

பத்துக் கறவை வைத்திருக்கும் பண்ணைக்கு வருஷா வருஷம் அரசாங்க மானியம் உண்டு. ஒன்பது இருந்தால் ஒன்றும் கிடையாது. ஆகவே எண்ண வரும் நாளில், குறைகிற மாட்டைப் பக்கத்துப் பண்ணையிலிருந்து ஓட்டிவந்து கட்டிவிடுவார்கள். செத்த மாட்டின் காதில் இருந்த எண்வில்லையைக் கழற்றி இரவல் மாட்டுக்கு மாட்டிவிட்டால் காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கும். இவர் காகிதத்தை நம்புகிற ஆள் இல்லை. சாயங்காலம் கறக்கும் நேரம் பார்த்து வந்து நிற்பார். "கறந்து காட்டுங்க" என்பார். புதுக் கை பட்டால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும். பண்ணைக்காரர் முகத்தில் ஈயாடாது. இப்படி ஊரார் வயிற்றெரிச்சலையெல்லாம் கொட்டிக்கொண்டவர். பஸ்ஸில் அவர் பக்கத்து இடம் காலியாகவே வரும்.

இந்த வருஷம் அவருடைய அக்காவும் மானியம் கேட்டிருந்தாள். சொந்தக்காரர் மாட்டை எண்ணக் கூடாதே என்று இவர் இழுத்தார்.

"உங்க மேல யாருக்குங்க சந்தேகம் வரும்?" என்று மேலதிகாரி சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார்.

அத்தான் போனதிலிருந்து அக்கா தனியாளாகப் பண்ணையை இழுத்துக்கொண்டிருந்தாள். போன மாதம் கன்று ஈனும்போது ஒரு மாடு செத்துப்போனது அவருக்குத் தெரியும். மானியம் வராவிட்டால் தீவனத்துக்கு வழியில்லாமல் இன்னும் இரண்டை விற்பாள்; பிறகு பண்ணை என்று சொல்ல என்ன இருக்கும்? அதை யோசித்துத்தான், உத்தியோகத்துக்கு வந்த பின் முதல் தடவையாக, கறக்கும் நேரத்துக்குக் காத்திராமல் மத்தியானமே போய் நின்றார்.

வரிசையில் கடைசி மாட்டுக்கு ஒரு கொம்பு வளைந்து கண்ணோரம் இறங்கியிருந்தது. பக்கத்துப் பண்ணையில் அதை எத்தனையோ முறை எண்ணியிருக்கிறார். காதில் செத்த மாட்டின் வில்லை. அவர் கொட்டகைக் கூரையை வெகு அக்கறையாகப் பார்த்தார்.

"பத்து. சரியா இருக்குக்கா. நான் கிளம்பறேன்."

"அதுக்குள்ளயா? கறந்து பாக்கலையா?"

"வேணாம்க்கா. வேற வேலை கெடக்கு."

"ஊரையே கறக்க வச்சுட்டு என்கிட்ட மட்டும் வேணாமா? நாளைக்கு நாலு பேரு என்ன பேசுவாங்க?" அக்கா வாளியை எடுத்தாள். "இருடா."

அவர் தடுப்பதற்குள் வளைந்த கொம்புக்காரியின் அருகே உட்கார்ந்துவிட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். வாளியில் பால் சர்சர்ரென்று விழுகிற சத்தம் கேட்டது.

திறந்து பார்த்தால், சின்ன வயசில் விளையாட்டில் ஜெயித்துவிட்டுப் பார்ப்பாளே, அதே பார்வை.

"எப்படிடா? ஒரு மாசமாப் பக்கத்துப் பண்ணைக்குப் போயி ரெண்டு வேளையும் நான்தான் இதைக் கறக்கறேன். என் கை இதுக்குப் பழகிப்போச்சு. நீ வந்தா சும்மா விடுவியா? அதான்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. கை அப்படியே நின்றது.

பார்த்தும் பாராமல் போவது வேறு. வாய்விட்டுச் சொன்னதைக் கேட்ட பிறகு பத்து என்று எழுத அவருக்குக் கை வராது. அது அக்காவுக்கும் தெரியும்.

"ஏன்க்கா சொன்ன? நான் பாக்காமலே போறதா இருந்தேனே."

"நீயா?" என்றாள் அக்கா.

அதில் கிண்டல் இல்லை. நிஜமாகவே அவள் நம்பவில்லை. கூடப் பிறந்தவளே நம்பாத அளவுக்கு நல்ல பேர் எடுத்திருக்கிறோம் என்பது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. ஒன்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அக்கா எழுந்து மாட்டை அவிழ்த்தாள். வாளியையும் மறக்காமல் எடுத்துக்கொண்டாள். பாலும் பக்கத்துப் பண்ணைக்காரர்களுடையதுதானே.