போட்டுப் பார்க்காமல் வாங்கிய கோட்டு

பழைய துணி வாங்கத் தெரியாத முட்டாள்களில் நான் முதல் வரிசை. அதுவும் ஆரணியில் பட்டுத் தறி வைத்திருக்கிற முட்டாள்.

சேத்துப்பட்டில் மைத்துனர் மகனுக்குக் கல்யாண வரவேற்பு. என் சகலை எந்த விசேஷத்துக்கும் கோட்டு போட்டுக்கொண்டு வந்து, என் வேட்டியை ஏளனமாக ஒரு பார்வை பார்ப்பார். இந்த முறை அவர் வாயை அடைத்தே தீருவது என்று பழைய துணிக் கடைக்குப் போனேன்.

அங்கே கண்ணாடி முன்னால் நாலைந்து பேர் கோட்டை மாட்டிக்கொண்டு கையைத் தூக்குவதும் குனிவதும் நிமிர்வதுமாக இருந்தார்கள். துணியைத் தொட்டுப் பார்க்கத் தெரியாத ஜென்மங்கள் என்று நினைத்துக்கொண்டேன். நானோ ஒரு கோட்டின் உள்மடிப்பிலிருந்து நூலை உருவி, வெளியே போய்க் கொளுத்தி மோந்து பார்த்தேன். முடி கருகிய வாசனை. சுத்தக் கம்பளி!

"போட்டுப் பாருங்கண்ணே," என்றார் கடைக்காரர்.

"நாங்க தறிக்காரங்க. நூலைப் பாத்தா போதும்."

புடவை நெய்கிறவன் புத்தி அது. ஒல்லிக்கும் குண்டுக்கும் ஒரே புடவைதான். ஆளுக்கு அளவு பார்க்கிற பழக்கமே எங்களுக்குக் கிடையாது.

வரவேற்பு அன்று மாலை மாட்டினால், கோட்டின் கை என் முழங்கையைச் சற்றே தாண்டி நின்றுவிட்டது. வேட்டிக்கு மாற மானம் இடம் கொடுக்கவில்லை. அப்படியே மண்டபத்துக்குப் போனேன். சகலை மேலும் கீழும் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"சுத்தக் கம்பளி, சகலை. நூலைக் கொளுத்திப் பாத்து வாங்கிகினு வந்தேன்."

"பாதிக் கையும் சேந்து எரிஞ்சிடுச்சா?"