அண்ணி இழைக்கவிடாத கதவு

எங்கள் வீட்டுப் பின்கதவை எவ்வளவு இழுத்துச் சாத்தினாலும் நிலைக்கும் அதற்கும் நடுவே ஒரு விரல் நுழையும். காலை வெயில் அந்த இடுக்கு வழியாக வந்து அடுப்படித் தரையில் நீளமாக ஒரு கோடு போடும். வந்தவர்கள் யாராவது, "இத மாத்தக் கூடாதா?" என்று கேட்டால், "அது இவரு கைவேலைங்க, இருக்கட்டும்" என்று அண்ணி சிரிப்பார். அண்ணனுக்கு அந்த நேரம் பார்த்துத்தான் வெளியே ஏதாவது வேலை வந்துவிடும்.

கதவு இப்படி ஆனது அண்ணி எங்கள் வீட்டுக்கு வாழ வந்த வருடம். கள்ளக்குறிச்சியில் எங்கள் தெரு ஆற்றை ஒட்டியது. ஊரில் தூறல்கூட இல்லாவிட்டாலும் கல்வராயன் மலையில் கொட்டினால் எங்களுக்குத் தூக்கம் போய்விடும். அந்த டிசம்பர் தொடக்கத்தில் தண்ணீர் சன்னல் வரை ஏறிவிட்டது. பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்துவிட்டு நாங்கள் திரும்பியபோதும் வீட்டுக்குள் முழங்கால் அளவு நின்றது. அண்ணன் வாசலிலேயே நின்று, "முழுசா வடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றான். அண்ணியோ புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கி, தென்னந்துடைப்பத்தால் தரையைக் கலக்க ஆரம்பித்துவிட்டார். "தண்ணி போவும்போதே சேத்தையும் கூட அனுப்பிடணும். தனியா வுட்டா அது இங்கியே குடியிருக்கும்" என்றார். அவர் பிறந்த வீடும் ஆற்றோரம்தான். வெள்ளம் அவருக்குப் பழகின விருந்தாளி. நானும் ஒரு துடைப்பத்தோடு இறங்கினேன். மாலைக்குள் செஞ்சேறு அத்தனையும் தண்ணீரோடு வாசல் தாண்டியது. வடியட்டும் என்று காத்திருந்த பக்கத்து வீடுகளில் மறுநாள் மண்வெட்டி போட்டு வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் சேறு போனால் மட்டும் வீடு ஆகிவிடுமா? சுவரெல்லாம் ஊறி உப்பியிருந்தது. கதவுகள் இரண்டும் தண்ணீர் குடித்துப் பெருத்து, நிலைக்குள் நுழைய மறுத்தன. அண்ணனுக்கு மனசு விட்டுப்போயிற்று. "சாத்த முடியாத வூடு ஒரு வூடா? கிறிஸ்மசுக்குள்ள இது வூடு மாதிரி ஆச்சுன்னா இருப்போம். இல்லாட்டி வித்துட்டு உளுந்தூர்பேட்டைக்கே போயிடலாம்" என்றான். அவனுக்கு அங்கேதான் வேலை. அது அப்பா காலமெல்லாம் லாரி ஓட்டிக் கட்டிய வீடு. எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணி, "சரிங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

எங்கள் தெருவில் கிறிஸ்துமசுக்குச் சுண்ணாம்பு அடிக்காத வீடு கிடையாது. கேரல் பாட்டுப் பாட வரும் சர்ச் சபையார் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் வந்து உட்காருவார்கள். சுவரைப் பார்க்காமல் போகமாட்டார்கள். அதனால் வெள்ளம் வடிந்த கையோடு எல்லோரும் ஈரச் சுவரின் மேலேயே சுண்ணாம்பு மட்டையைப் போட்டார்கள். தெருவே வெள்ளைவெளேர் என்றாயிற்று. எங்கள் வீட்டில் மட்டும் அண்ணி உளியை எடுத்துக்கொண்டு, தட்டினால் பொத்தென்று சத்தம் கேட்ட பூச்சையெல்லாம் கொத்தித் தள்ளினார். இடுப்பளவுக்குச் செங்கல் பல்லிளித்தது. "இருந்ததையும் இடிச்சிக்கினு இருக்கிறா" என்று அண்ணன் என்னிடம் புலம்பினான். ஆத்திரத்தில், அண்ணி கடைக்குப் போன நேரம் தச்சரைக் கூட்டிவந்து பின்கதவை இழைக்கவிட்டான். கதவு கச்சிதமாகச் சாத்திக்கொண்டது. அவனுக்கு ஒரே சந்தோஷம். தச்சர் முன்கதவுக்கு வந்தபோது அண்ணி திரும்பிவிட்டார். பையைக் கீழே வைத்துவிட்டுக் கதவின் மேல் சாய்ந்து நின்றார். "இது இன்னா ஒடம்பு பெருத்தா கெடக்குது? தண்ணி குடிச்சிருக்குது. காஞ்சா அதுவே சாத்திக்கும். எழைச்சா எழைச்சதுதாங்க." தச்சர் அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டு இழைப்புளியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். முன்கதவைக் கயிற்றால் கட்டிவைத்துக்கொண்டே நாங்கள் காலம் தள்ளினோம்.

கேரல் வந்தது. செங்கல் சுவரில் ஒரு காகித நட்சத்திரம், அவ்வளவுதான் எங்கள் அலங்காரம். பாடி முடித்ததும் சபையில் மூத்தவர் ஒருவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, இந்த வருஷம் வூட்ட இப்டியே வுட்டுட்ட?" என்று அண்ணனைக் கேட்டார். அந்த ஒரு கேள்வி போதும், நாங்கள் ஊரைக் காலிசெய்ய. அண்ணி கேக் தட்டோடு அசையாமல் நின்றார். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"செவுரு காயணும்ங்க. ஈரத்து மேல அடிச்சா நிக்காது. எங்க வூட்டுல அவங்கதான் பாத்துக்கினு இருக்காங்க, எல்லாம் சரியா வரும்."

அண்ணி எல்லோருக்கும் கேக் கொடுத்தார். அண்ணனுக்கு மட்டும் பெரிய துண்டு. அதன் பிறகு உளுந்தூர்பேட்டைப் பேச்சே எங்கள் வீட்டில் எழவில்லை.

பொங்கல் முடிவதற்குள் தெருச் சுவர்களிலெல்லாம் சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. நாங்கள் கோடை வெயிலில் புதிதாகப் பூசி வெள்ளையடித்தோம். அது இன்றைக்கும் நிற்கிறது. பின்கதவு காய்ந்து சுருங்கி அந்த இடுக்கைக் காட்டியது. முன்கதவு ஒரு மதியம் காற்றடித்ததில் தானாகவே போய் நிலையில் பொருந்திக்கொண்டது. அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் கைதட்டினேன்.

சமீபத்தில் நல்ல மழை. தெருக்கோடியில் புதிதாகக் குடிவந்த ஒருவர், கதவு ஊறிவிட்டது, இழைக்க ஆள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். அண்ணன் அவரை நேரே பின்கதவுக்கு அழைத்துவந்து, இடுக்கில் விரலை விட்டுக் காட்டினான்.

"இது நான் பண்ணது."

பிறகு அவர் கையைப் பிடித்து முன்பக்கம் கூட்டிப்போனான். கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

"இது அவங்க பண்ணது."