அப்பா மைக் பிடித்த ஆடி

எங்கள் அப்பாவுக்கு மைக் என்றாலே உதறும். ஏம்பலத்தை ஒட்டிய எங்கள் ஊரில், ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவோம். அன்றைக்கு, மாவு கொடுத்த வீடுகளின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்வார்கள். கரும்புக் கொல்லைகளைத் தாண்டியும் கேட்கும். எங்கள் பெயர் வந்ததும் நான் குதிப்பேன். அப்பா வேட்டியைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொள்வார்.

நான் மூன்றாவது படித்த வருடம், கூழ் குடித்த பிள்ளைகள் எல்லோரும் வாந்தி எடுத்தோம். மறுநாளே எழுந்து விளையாடப் போய்விட்டோம். எழ முடியாமல் போனது எதிர்வீட்டு அத்தைதான். அவர் கொடுத்த கேழ்வரகு மாவு கெட்டுப்போனது என்று யாரோ சொல்ல, அதை மைக்கிலேயே அறிவித்துவிட்டார்கள். இட்லி மாவு அரைத்து விற்றுத்தான் அந்த வீட்டில் அடுப்பெரிந்தது. அதற்கப்புறம் அந்த வாசலில் பாத்திரத்தோடு யாரும் நிற்கவில்லை. எங்கள் அம்மாவே பாக்கெட் மாவுக்கு மாறிவிட்டார்.

அடுத்த ஆடியில், கோயில் கூழுக்கு மாவு வாங்க வந்தவர்கள் அத்தை வீட்டைத் தாண்டிப் போனார்கள். அவர் முறத்தில் மாவோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். கூப்பிடவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. எங்கள் வாசலிலிருந்து பார்த்த அப்பா, செருப்புகூடப் போடாமல் கோயிலுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

போனவர் நேரே மைக்கை வாங்கினார். இந்த வருடம் எங்கள் வீட்டு மாவுதான் அதிகம் போலிருக்கிறது என்று எனக்கு ஒரே துள்ளல்.

"போன வருசம் கொயந்தைங்க வாந்தி எடுத்ததுக்கு எதிர்வூட்டுத் தங்கச்சி குடுத்த மாவு காரணமில்ல. கரும்புக்கு மருந்து கலக்குற டிரம்முல நான்தான் கூழுக்குத் தண்ணி கொண்டாந்தேன். சரியா கழுவல. அன்னிக்கு சாயங்காலமே எனக்குத் தெரியும். வாயத் தொறக்கல."

ஊர்த்தலைவர் பதறினார். "இன்னாபா நீ, மைக்க ஆப் பண்ணிட்டுப் பேசு. பக்கத்து ஊருக்கெல்லாம் கேக்குது."

"தங்கச்சி பேரக் கெடுத்தது மைக்லதான? இதுவும் மைக்லயே கேக்கட்டும்."

மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். "எம் புள்ளையக் கொல்லப் பாத்தியேடா" என்று ஒருவர் அடிக்கவே பாய்ந்தார். அப்பா நகரவில்லை.

அத்தையிடம் யாரும் போய்ச் சொல்லவேண்டி இருக்கவில்லை. ஒலிபெருக்கி சொல்லிவிட்டது. முறத்தைத் தூக்கிக்கொண்டு தெரு நடுவில் வந்தார். கூட்டம் வழிவிட்டது. அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாவு இந்தா. தண்ணிய நானே மொண்டுக்கினு வரேன். நீ டிரம்ம மட்டும் தொடாதண்ணா."

அடிக்க வந்தவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "காலைல எனக்கு ரெண்டு கிலோ மாவு எடுத்து வையி" என்று ஒரு குரல். பார்த்தால் எங்கள் அம்மா. உடனே நாலு பக்கமிருந்தும் எனக்கு, எனக்கு என்றார்கள். அந்த வருடம் மைக்கில் வந்த முதல் பெயர் அத்தையுடையது. தலைவர் அதை இரண்டு தடவை சொன்னார். எங்கள் பெயருக்குக் குதிப்பதைவிட உயரமாகக் குதித்தேன்.

கூழ் ஊற்றியதும் அத்தைதான். முதல் கரண்டி அப்பாவின் சொம்பில் விழுந்தது. இரண்டு கையாலும் பிடித்தும் சொம்பு ஆடி, கூழ் சட்டையெல்லாம் வழிந்தது. மைக்கைக் கொடுத்து இத்தனை நேரமாகியும் இவருக்கு அந்தப் பயம் தெளியவில்லையே என்று, பக்கத்தில் நின்று நான் வெட்கப்பட்டேன்.