அறிவித்தலில் இல்லாத பெயர்

2006ஆம் ஆண்டு, பெப்ரவரி மாதம். கனடாவில் மொன்றியலில், சென்ட் லோரன்டில் இருந்த எங்கள் வாடகை வீட்டில் நடந்தது இது. அம்மா இறந்து ஐந்து கிழமைதான் ஆகியிருந்தது. எனக்கு இருபது வயது.

அம்மா யாழ்ப்பாணம். அப்பா ஹெயிட்டி நாட்டவர், கறுப்பர். ஒரே தொழிற்சாலையில் மருந்துப் பெட்டி அடுக்கும்போது பழகிக் கலியாணம் செய்தவர்கள். நான் அப்பாவை உரித்துவைத்த மாதிரி. பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நானும் அதே வேலைக்குப் போனேன். தமிழ் வாசிக்கப் பழகியது தமிழ்க் கடையில் சும்மா கிடைக்கும் பத்திரிகையில், அதுவும் மரண அறிவித்தல் பக்கத்தில். இன்னாரின் மகளும், இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும் என்று அம்மா விரல் வைத்துக் காட்ட, நான் எழுத்துக் கூட்டுவேன்.

அம்மாவின் அறிவித்தலும் படத்தோடு அதே பக்கத்தில் வந்தது. கொடுத்தவர் பெரியம்மா. மகளும், சகோதரியும், தாயாரும் எல்லாம் இருந்தன. அன்பு மனைவியும் என்ற வரி மட்டும் இல்லை.

"ஊர்ச்சனம் வாசிக்கும் பிள்ளை, ஏன் வீண் கதை?" என்றார் பெரியம்மா. நான் பத்திரிகையைப் பறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அப்பா அறிவித்தலை வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டினார். "நான் எங்க?" என்று தன் உடைந்த தமிழில் கேட்டார். தமிழ் வாசிக்கத் தெரியாதவர்தானே என்று ஏதோ ஒரு வரியில் விரலை வைத்து, "இஞ்ச" என்றேன்.

அந்த மாதம்தான் தாதி உதவியாளர் படிப்புக்கு ஒரு கல்லூரியில் விண்ணப்பம் எடுத்தேன். பள்ளிக்கூடம் முடிக்காதவர்களையும் எடுக்கும் படிப்பு. அம்மாவின் ஆசை அது. கடைசிப் பக்கத்தில், நீங்கள் எந்த இனம், ஒரு பெட்டியில் மட்டும் புள்ளடி போடவும் என்று இருந்தது. தெற்காசியர் ஒரு பெட்டி, கறுப்பினத்தவர் இன்னொரு பெட்டி.

அரை மணி நேரம் பேனையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். என் முகத்தைப் பார்த்தால் அப்பா தெரிவார். அம்மா எங்கே தெரிவார்? தாளிலாவது இருக்கட்டும் என்று தெற்காசியர் பெட்டியில் போட்டேன்.

தேத்தண்ணி கொண்டுவந்த அப்பா குனிந்து பார்த்தார். தாள் பிரெஞ்சில் இருந்தது. அது அவருக்கு வாசிக்கத் தெரியும்.

"இஞ்சயும் நான் இல்லையா?"

நான் பேனையைக் கீழே வைத்தேன்.

"உன் அம்மா என் பேர் தமிழ்ல எழுதக் காட்டினது. ஃபிரிட்ஜில நான் தேடினது. இல்லை" என்றார்.

"பிறகேன் அப்பா கழட்டேல்லை?"

"அவட படம் நல்ல வடிவு."

பெரியம்மாவில் எனக்கு அவ்வளவு கோபம். அவர் செய்ததையே நானும் செய்திருக்கிறேன். மேசையில் தலையை வைத்து அழுதேன். அழுது முடிய, மற்றப் பெட்டியிலும் புள்ளடி போட்டேன். கீழே இருந்த வெள்ளை இடத்தில், அம்மாவின் முழுப்பெயர் எழுதி அவரின் அன்பு மகளும், அப்பாவின் முழுப்பெயர் எழுதி அவரின் அன்பு மகளும் என்று தமிழில் எழுதினேன். உயிரோடு இருப்பவளுக்கு யாரும் அப்படி எழுதுவதில்லை. எனக்கு வேறு மாதிரி எழுதத் தெரியாது.

மறுநாள் அப்பாவும் கூட வந்தார். அலுவலகத்தில் இருந்த பெண், ஒன்றுதானே கேட்டோம், இது என்ன பாஷை என்று கேட்டார். நான் நிமிர்ந்து நின்று தமிழில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். பிறகு பிரெஞ்சில், இரண்டு பேரும் சேர்ந்துதான் என்னைப் பெற்றார்கள், ஒருவரை அழிக்க மாட்டேன் என்றேன். அவர் தாளை மேசையில் வைத்துச் சீல் குத்தினார். அப்பா என் தோளுக்கு மேலால் கையை நீட்டி, தன் பெயரில் தானே விரலை வைத்தார்.

"நான் இஞ்ச" என்றார்.

எனக்கு இடம் கிடைத்தது. அம்மாவை வைத்திருக்க அப்பாவை மறைக்கத் தேவையில்லை என்று அன்றைக்குத்தான் விளங்கியது. நீ எந்த இனம் என்று யாராவது கேட்டால், இரண்டு பேரின் பெயரையும் முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் இப்போதும் மூச்சு விடுகிறேன்.