கை கொடுக்காத மருமகள்

பொம்மசந்திரா தொழிற்சாலையில் காலமெல்லாம் நின்றபடியே லேத் மெஷின் ஓட்டியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் நாங்கள் குடியிருக்கும் லிங்கராஜபுரம் முழுக்க நடந்தே திரிந்தேன். போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தேன். காய்ச்சல் போனது, போகும்போது என் கால் பலத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

வீட்டில் மருமகள் என்னை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினாள். சோறு கட்டிலுக்கே வந்தது. கொஞ்சம் அசைந்தாலும் "சும்மா குந்துங்க மாமா, நான் இருக்கேன்ல" என்பாள். நானும் மகாராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஆனால் நாளுக்கு நாள் மெலிந்தேன். ஒருநாள் குளியலறை வாசலில் விழுந்தேன்.

மகன் டாக்டர் டாக்டராக அழைத்துப் போனான். இதயம் பார்த்தவர் இதயம் நன்றாக இருக்கிறது என்றார். சிறுநீரகம் பார்த்தவரும் அதையே சொன்னார். எலும்புக்காரர் முறிவு இல்லை என்றார். ஆளுக்கொரு மாத்திரை எழுதினார்கள். பாகமெல்லாம் சரி, மெஷின்தான் ஓடவில்லை. "வயசாச்சில்ல?" என்று ஒருவர் சொன்னபோது, கோபத்தில் எழுந்து போய்விட நினைத்தேன். எழ முடியவில்லை.

கடைசியில் முதியோர் பிரிவில் ஒரு டாக்டரம்மா, கன்னடக்காரப் பெண், "தாத்தா, கை ஊணாம எழுந்து நில்லுங்க" என்றார். முக்கிப் பார்த்தேன். கூட வந்திருந்த மருமகள் பதறிக் கை நீட்டினாள். டாக்டரம்மா அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீங்க இப்படியே தூக்கி விட்டுட்டு இருந்தா, சீக்கிரமே படுத்த படுக்கையாயிடுவார். அவர் வேலைய அவரே செய்யட்டும். பக்கத்துல நில்லுங்க, தொடாதீங்க."

மாத்திரைகளில் பாதியை நிறுத்தினார். தினமும் முட்டை சாப்பிடச் சொன்னார்.

அன்றிலிருந்து தண்ணீர் கேட்டால், "சமையக்கட்டுல இருக்கு மாமா" என்று பதில் வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்நெஞ்சுக்காரி என்று கத்தினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு போகும்போது ஒருநாள் பீரோ கண்ணாடியில் பார்த்தேன். எனக்குப் பின்னாலேயே இரண்டு கைகளையும் விரித்தபடி, தொடாமல் வந்துகொண்டிருந்தாள். முகமெல்லாம் கண்ணீர். அதற்குப் பிறகு நான் கத்தவில்லை.

கால்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தன. அதற்குள், மாமனாருக்குத் தண்ணீர்கூடத் தராதவள் என்று அவள் பெயர் தெருவில் கெட்டுப்போயிருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

எங்கள் சபையில் நோயாளி வீட்டுக்குப் போய் ஜெபிப்பது வழக்கம். அப்படி வந்த பெண்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்க, நான் சமையலறையிலிருந்து தண்ணீர்ச் செம்போடு மெல்ல வந்தேன். மருமகள் சும்மா நின்றாள்.

"ஏம்மா, பெரியவர வேலை வாங்குறியே, உனக்குக் கை இல்லியா?" என்றார் ஒரு அம்மா.

எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் இந்நேரம் படுக்கையில கிடந்திருப்பேன்மா. உங்ககிட்ட எல்லாம் பேச்சு வாங்கிக்கிட்டு என்னை நடக்க வெச்சது இவதான். எனக்கு ஜெபம் பண்ண வந்தீங்க, சந்தோஷம். இன்னிக்கு இவளுக்குப் பண்ணுங்க."

அந்த அம்மாவே முதலில் கண்ணை மூடி, "ஆண்டவரே, இந்த மகளை ஆசீர்வதியும்" என்று ஆரம்பித்தார். எல்லோரும் தலை குனிந்தார்கள். நான் குனியவில்லை. என் மருமகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.